பங்குனி மாதத்து விருந்தாளி

பங்குனி என்றதும் மயிலாப்பூர்க்காரர்களுக்கு என்ன நினைவு வரும்? கபாலீசுவரர் கோயில் தேரும் அறுபத்து மூவர் உற்சவமும்தான். அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் தெற்கே, பெசன்ட் நகர் கடற்கரைக்கு மேளதாளம் இல்லாமல் வந்து போகும் விருந்தாளி ஒருத்தியைத் தெரியுமோ?

அவள் பெயர் பங்குனி ஆமை. விஞ்ஞானிகள் ஆலிவ் ரிட்லி என்பார்கள். தை பிறந்ததும் தொடங்கிப் பங்குனி வரையில், நடு ராத்திரியில் கரையேறுவாள். பின்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடுவாள். அப்போது அவள் கண்ணில் நீர் வழியும். பிரசவ வேதனை என்று எண்ணி விடாதீர்கள். உடம்பில் மிஞ்சிய உப்பைக் கழிக்கும் வழி அது.

தாய் போய்விட்டாள். பிள்ளைகளை யார் பார்த்துக் கொள்வது?

சென்னை இளைஞர்கள்தான்! 1970-களில் பாம்பு நிபுணர் ராமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் ஆமை தேடி இந்தக் கரையில் நடந்தார்கள். 1988-இலிருந்து, மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு அந்தப் பொறுப்பை ஏற்று நடத்துகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் இருட்டில் நடை. மணலில் ஆமை ஊர்ந்த தடம் தெரிந்தால், குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பக்குவமாக எடுத்து வந்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். அடைகாப்பது மணலின் சூடுதான். சூடு அதிகமானால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு! 45 முதல் 60 நாட்களுக்குள் குஞ்சுகள் மேலே வந்துவிடும்.

முட்டையை இருந்த இடத்திலேயே விட்டால் என்ன? நாய் தோண்டித் தின்னும். தப்பிப் பொரிந்தாலும் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. வெளிச்சமான பக்கமே கடல் என்பதுதான் குஞ்சுக்குத் தெரிந்த ஒரே பாடம். நட்சத்திர ஒளியில் கடல் மினுங்கிய காலத்தில் அது சரியாக இருந்தது. இப்போது தெரு விளக்கைக் கடல் என்று நம்பி ரோட்டுக்குப் போய் மடிகிறது.

சரி, கடலில் விட்டுவிட்டால் கவலை தீர்ந்ததா? அதுதான் இல்லை. 2025 ஜனவரியில் சென்னையிலும் அக்கம்பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை கடலில் வாழ்ந்தாலும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்காக இழுக்கப்படும் இழுவலையில் சிக்கினால் மூச்சுத் திணறிச் சாக வேண்டியதுதான். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி காகிதத்தில் இருந்தால் போதுமா?

ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து தாயாகும் என்பார்கள். அதற்கும் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். அப்படியானால், செத்து ஒதுங்கிய ஒரு தாய்க்கு ஈடு செய்ய எத்தனை ராத்திரி நடக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வலையைத் திருத்துவது சர்க்கார் வேலை. ஆனால் கடலைப் பார்த்து எரிகிற விளக்கு உங்கள் வீட்டு மாடியில் இருந்தால், தையிலிருந்து பங்குனி முடிந்து குஞ்சுகள் போகும் வரை ராத்திரியில் அதை அணைத்து வையுங்கள். விருந்தாளியின் பிள்ளைகளுக்கு வழி தெரியட்டும்.