சருகும் கொழுந்தும்

கஹவத்தைக்குத் தெற்கே விரியும் சிங்கராஜ வனத்துக்கு எவரும் உரமிட்டதில்லை. உதிர்ந்த சருகைக் காளானும் நுண்ணுயிரும் மக்கச் செய்ய, மேல்மண்ணில் பரந்த வேர்கள் அச்சத்தை மீண்டும் பருகுகின்றன.

தேயிலை மலையின் நிலை வேறு. தழைச்சத்துச் செறிந்த இளங்கொழுந்து கிள்ளப்பட்டுக் கப்பலேறிவிடுகிறது. கவ்வாத்து வெட்டிய கிளைகள் செடிகளின் அடியிலேயே மக்கினால் ஒரு பங்கு மண்ணுக்கு மீளும், அவையும் விறகாகிவிட்டால் (அடுப்புக்கு வேறு வழியற்றோரைக் குறைகூற நமக்கு வாய் ஏது?) அப்பங்கும் போயிற்று. முள்முருக்கின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனைப் பற்றித் தருவது உண்மையே. எனினும் அது மட்டும் போதாது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, அதனை இயற்கைக்குத் திரும்புதல் என்றனர். எடுப்பதை நிறுத்தாது இடுவதை மட்டும் நிறுத்துதல் எவ்வாறு இயற்கையாகும்? நவம்பரில் தடை நீங்கிற்று. ஆயினும் 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாயிருந்த இலங்கையின் தேயிலை உற்பத்தி, உரத்தட்டுப்பாடும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து வருத்திய 2022இல், 25 கோடியளவுக்குச் சரிந்தது.