முதல் குடில்: எது நல்லது, எங்கே அமைப்பது?

ஆடிப்பட்டத்துக்கு விட்ட நாற்று வெயிலில் கருகினால் விதைக் காசும் போச்சு, பட்டமும் தவறும். இதைத் தவிர்க்க வீட்டுத் தோட்டத்தில் சிறு குடில் அமைக்க விரும்புவோர் முதலில் கூரையைக் கவனிக்க வேண்டும்.

பாலிதீன் தாள் போர்த்திய குடில் வெப்பத்தை உள்ளே தேக்கும். நீலகிரி போன்ற குளிர்ந்த மலைப் பகுதிக்கு அது ஏற்றது. சமவெளியிலோ கோடையில் நாற்று வெந்துவிடும். இங்கு தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுக்கு 50 சதவீத நிழல் தரும் வலைக்குடிலே போதும், செலவும் குறைவு. பக்கங்களில் 40 மெஷ் பூச்சி வலை கட்டினால், இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈ நுழைவது குறையும்.

இடம் தேர்வதும் முக்கியம். மர நிழல் விழாத, மழைநீர் தேங்காத மேட்டுப்பாங்கான இடம் நல்லது. தென்னைக்கு அருகே வேண்டாம். மட்டை விழுந்து வலை கிழியும். தினமும் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டியிருப்பதால், கிணறு அல்லது குழாய்க்கு அருகில் இருப்பது வசதி. குடிலின் நீளவாட்டம் தெற்கு வடக்காக இருந்தால், சட்டங்களின் நிழல் ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். காற்றில் அடித்துக் கிழியாதபடி வலையை இறுக்கமாகக் கட்ட வேண்டும்.

தக்காளி நாற்று சுமார் 25 நாளில் நடவுக்குத் தயாராகும். நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாற்றைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கினால், வயலில் துவளாமல் வேர் பிடிக்கும்.