தப்பியோடிய வாகனமும் பாதசாரியின் உரிமையும்
(மன்னார்ப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு சட்ட நோக்கு)

மன்னார்த் தீவு நீண்டு ஒடுங்கிய நிலப்பரப்பு. அதன் ஒரு முனையில் மன்னார் நகரும் மறுமுனையில் தலைமன்னாரும் அமைய, இடையே எருக்கலம்பிட்டி, பேசாலை முதலிய ஊர்கள் உள்ளன. மதவாச்சியிலிருந்து வரும் ஏ 14 வீதி, ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமான தாம்போதியைக் கடந்து இத்தீவினுள் நுழைகின்றது. 2009 இல் போர் முடிவுற்றது; 2010 இல் மன்னாரின் புதிய பாலமும், 2011 இல் யாழ்ப்பாணத்தைப் பூநகரியோடு இணைக்கும் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட்டன. இதன் பின்னர் இக்கரையோர வீதிகளில் வாகனங்கள் பெருகின. அவற்றின் வேகமும் பெருகிற்று. எனினும் விடியுமுன் கடற்கரைக்குச் செல்லும் மீனவரும், பாடசாலை செல்லும் சிறுவரும், மடுத் திருவிழாவுக்கும் திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரிக்கும் கால்நடையாக வரும் அடியவரும் அதே வீதிகளின் ஓரமாகவே நடக்கின்றனர்.

இத்தகைய வீதியொன்றில் நிகழக்கூடிய ஒன்றைக் கற்பித்துக்கொள்வோம். அதிகாலை இருளில் நடந்துசென்ற ஒருவரை வாகனமொன்று மோதிவிட்டு நில்லாது சென்றுவிடுகின்றது. அவருக்குக் கால் முறிகின்றது. பல மாதங்கள் தொழிலுக்குச் செல்ல இயலவில்லை. “அடித்தவன் யாரென்று தெரியாது, யார்மேல் வழக்குப் போடுவது?” என்று குடும்பத்தவர் அமைந்துவிடுகின்றனர். இவ்வாறு அமைந்துவிடுவது சட்டத்தின்படி சரிதானா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாரதியின் கடமை

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டத்தின் 161 ஆம் பிரிவு, விபத்து நேர்ந்தவிடத்துச் சாரதி ஆற்றவேண்டிய கடமைகளைக் கூறுகின்றது. அவன் உடனே வாகனத்தை நிறுத்தவேண்டும், காயமுற்றவருக்கு உதவவேண்டும், தன் பெயர் விலாசத்தைக் கொடுக்கவேண்டும், பொலிசாருக்கு அறிவிக்கவேண்டும். இக்கடமை பிழை செய்தவனுக்கு மாத்திரம் உரியதன்று. பாதசாரியே திடீரெனக் குறுக்கிட்டிருப்பினும் சாரதி நிற்கவே வேண்டும். எனவே நில்லாது செல்லுதல் தனியானதொரு குற்றமாகும். ஆயினும், ஓடிய ஒன்றை மாத்திரம் கொண்டு அவன் கவலையீனமாக வாகனம் செலுத்தினான் என்பது நிறுவப்பட்டுவிடாது. அது வேறு சான்றுகளோடு சேர்த்து நோக்கப்படவேண்டியதொரு நடத்தையே.

குற்றவியல் வழி

தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு மூர்க்கமான அல்லது கவலையீனமான செயலால் மரணம் விளைத்தலையும், 328, 329 ஆம் பிரிவுகள் அத்தகைய செயலால் காயமும் கடுங்காயமும் விளைத்தலையும் குற்றங்களாக்குகின்றன. இவ்வழக்குகளை நடத்துவோர் பொலிசாரும் அரசுமே. காயமுற்றவர் இவற்றிலே சாட்சியாவார். எனினும் அவருக்கு இதனாற் பயன் இல்லையெனக் கொள்ளலாகாது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17 ஆம் பிரிவு, குற்றவாளியாகக் காணப்பட்டவன் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு செலுத்தவேண்டுமெனக் கட்டளையிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு வழங்குகின்றது. ஆகவே, சாரதி குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நாளில், மருத்துவச் செலவுகளையும் வருமான இழப்பையும் பொலிசார் வாயிலாகவோ சட்டத்தரணி வாயிலாகவோ நீதவானின் கவனத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும். கேட்பார் இல்லாதவிடத்துக் குற்றப்பணத்தோடு வழக்கு முடிந்துவிடும்.

குடியியல் வழி

வடமாகாணத் தமிழர்க்குரிய தேசவழமை சொத்துரிமை பற்றியது. முஸ்லிம்களுக்குரிய தனியாள் சட்டம் திருமணம், மரபுரிமை முதலியவை பற்றியது. இவை இரண்டும் இவ்விடயத்தைத் தொடா. பிறருக்குக் கவலையீனத்தால் விளைத்த தீங்கு நாடு முழுவதிலும் உரோம டச்சுச் சட்டத்தின் அக்கீலிய வழக்கினாலேயே தீர்க்கப்படுகின்றது. காயமுற்றவர் தமது மருத்துவச் செலவு, இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம் ஆகியவற்றையும், உடல் நோவுக்கும் துன்பத்துக்குமான ஈட்டையும் கோரலாம். அவர் இறந்தவிடத்து, அவரது உழைப்பில் வாழ்ந்தோர் தாம் இழந்த ஆதரவுக்கு ஈடு கோரலாம். இங்கு ஒரு கசப்பான உண்மையையும் கூறவேண்டும். பிள்ளையை இழந்த தாயின் துயருக்கு இவ்வழக்கில் ஈடு இல்லை. பொருளிழப்பே கணக்கிற் கொள்ளப்படும்.

குடியியல் வழக்கிலே நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிறுவவேண்டியதில்லை. நிகழ்தகவின் மேலோங்கிய நிலை போதுமானது. எனவே குற்றவியல் வழக்கில் விடுதலை பெற்ற சாரதிக்கு எதிராகவும் குடியியல் வழக்கு வெற்றிபெறலாம். பாதசாரியிடத்தும் ஓரளவு பிழையிருப்பின் வழக்கு முற்றாகத் தோற்றுவிடாது. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அப்பிழையின் அளவுக்கேற்ப ஈடு குறைக்கப்படும். விபத்து நிகழ்ந்த இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்கிடலாமாதலின், சாரதி கொழும்பில் வசித்தாலும் மன்னாரில் வழக்குத் தாக்கல் செய்யலாம்.

காலவெல்லை மிக முக்கியமானது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி இவ்வழக்கு 2 ஆண்டுகளுக்குள் தொடங்கப்படவேண்டும். நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும் எனக் காத்திருந்தே இவ்வுரிமை இழக்கப்படுவதுண்டு. முன்னையது முடியாதிருப்பது பின்னையதற்குத் தடையன்று.

ஆளை அறியாமையும் வாகனத்தை அறியாமையும்

“யாரென்று தெரியாது” என்னும் கூற்றிலே இரு வேறு நிலைகள் கலந்துள்ளன. சாரதியை அறியாமை ஒன்று. வாகனத்தையே அறியாமை மற்றொன்று. இவற்றின் சட்ட விளைவுகள் பெரிதும் வேறுபட்டவை.

வாகனத்தின் பதிவிலக்கம் தெரிந்துவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டிலிருந்து உரிமையாளரைக் கண்டறியலாம். அவர் மூலம் சாரதியையும் கண்டறியலாம். உரிமையாளரின் ஊழியன் வேலையின்போது வாகனம் செலுத்தியிருப்பின் உரிமையாளரும் பொறுப்பாவார். இதனினும் பயன் மிக்கது காப்புறுதி. வீதியிற் செல்லும் மோட்டார் வாகனம் ஒவ்வொன்றுக்கும் மூன்றாந்திறத்தார் காப்புறுதி கட்டாயமானது. பாதசாரி அத்தகைய மூன்றாந்திறத்தவர். மேற்கூறிய 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 105 ஆம் பிரிவின்படி, சாரதிக்கோ உரிமையாளருக்கோ எதிராகப் பெறப்பட்ட தீர்ப்பைக் காப்புறுதி நிறுவனமே நிறைவேற்றவேண்டும். ஆயின் 106 ஆம் பிரிவு ஒரு நிபந்தனை விதிக்கின்றது: வழக்குத் தொடங்குமுன்னரோ, தொடங்கி 7 நாட்களுக்குள்ளோ அந்நிறுவனத்துக்கு வழக்குப் பற்றிய அறிவித்தல் கொடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவ்வறிவித்தல் தவறியமையால், கையில் தீர்ப்பு இருந்தும் பணம் பெறமுடியாத நிலை ஏற்படலாம். சாரதி ஏழையாயிருப்பின் அத்தீர்ப்பு வெறுந் தாளே.

வாகனமே அறியப்படாதவிடத்து நீதிமன்றத்துக்கு இழுக்க எதிராளி எவருமில்லை. இவ்விடைவெளியை நிரப்பும் பொருட்டு, 1998 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் வழிவந்த வீதிப் பாதுகாப்புத் தேசிய சபை ஒரு நிதியத்தைப் பேணிவருகின்றது. அடையாளம் காணப்படாத வாகனத்தால் மரணமோ கடுங்காயமோ நேர்ந்தவிடத்து, இறந்தவரின் குடும்பத்தவரோ காயமுற்றவரோ இச்சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கொடுபடும் தொகை ஒழுங்குவிதிகளால் நிர்ணயிக்கப்படுவது. அது உண்மையான இழப்பை அளந்து கொடுக்கப்படுவதன்று. விண்ணப்பத்துக்குப் பொலிசு அறிக்கையும் மருத்துவ அல்லது மரணச் சான்றும் உயிர்நாடியாகும்.

கடலுக்கு அப்பாலுள்ள தமிழகத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. இந்தியாவில் 2022 ஏப்ரில் 1 ஆந் திகதி நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி, மோதிவிட்டு ஓடிய வாகனத்தால் மரணம் நேர்ந்தால் 2 இலட்சம் ரூபாவும், கடுங்காயம் நேர்ந்தால் 50,000 ரூபாவும் வழங்கப்படும். குற்றவாளி கண்டுபிடிக்கப்படாமையின் சுமையைப் பாதிக்கப்பட்டவர் தனித்துச் சுமக்கலாகாது என்ற கொள்கையே இருநாட்டு ஏற்பாடுகளுக்கும் அடிப்படை எனலாம்.

முதல் நாளின் சான்றுகள்

மேற்கூறிய வழிகளுள் எது திறக்கும் என்பது பெரும்பாலும் விபத்து நிகழ்ந்த முதல் சில மணித்தியாலங்களிலேயே தீர்மானமாகின்றது. இவ்வகையில் மன்னார்த் தீவுக்கு இயற்கை ஒரு வாய்ப்பை அளித்துள்ளது. வாகனம் தீவைவிட்டு நீங்குதற்குத் தாம்போதியன்றி வேறு தரைவழி கிடையாது. பேசாலையில் மோதிய வாகனம் ஒன்றில் தீவிலேயே மறைந்திருக்கவேண்டும், அன்றேல் பாலத்தைக் கடக்கவேண்டும். உடனே 119 என்னும் இலக்கத்துக்கு அறிவித்தால், வாகனம் பாலத்தை அடையுமுன் பொலிசார் அங்கு நிற்கக்கூடும். பதிவிலக்கம் முழுவதும் தெரியவேண்டுமென்பதில்லை; இறுதி இரு இலக்கங்கள், நிறம், வாகனத்தின் வகை, சென்ற திசை என்பனவும் பயன்படும். தலைநிலத்தில், நானாட்டான், முருங்கன், சிலாவத்துறைப் பகுதிகளில், வீதிகள் பல திசைகளிற் பிரிவதால் விரைவு இன்னும் இன்றியமையாதது.

காயமுற்றவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதலே முதற்கடமை. 1990 என்னும் இலக்கத்தில் இலவச அம்புலன்சு சேவையை அழைக்கலாம். அங்கே “விழுந்துவிட்டார்” என்று கூறாது “வாகனம் மோதியது” என்றே கூறவேண்டும். அவ்வாறு கூறினாற்றான் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கும் பொலிசுப் பதிவுக்கும் வழி பிறக்கும். அலைச்சலுக்கு அஞ்சிச் சொல்லப்படும் ஒரு சிறு பொய் பின்னர் முழு வழக்கையும் வீழ்த்திவிடலாம்.

வீதியிற் கிடக்கும் உடைந்த கண்ணாடி, விளக்குத் துண்டு, வண்ணப்பூச்சுச் சிதறல் ஆகியவற்றைத் தொடாது படம்பிடித்துப் பொலிசாருக்குக் காட்டவேண்டும். அருகிலுள்ள கடைகளின் கண்காணிப்புக் கமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடக்கூடியவை. ஆதலால் உடனே கேட்டுப் பேணவேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழியென அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை கூறுவதால், வாக்குமூலத்தைத் தமிழிற் பதியுமாறு கோருதல் உரிமையாகும். அது வாசித்துக் காட்டப்பட்டு விளங்கிய பின்னரே ஒப்பமிடவேண்டும். முறைப்பாட்டின் திகதியையும் பதிவிலக்கத்தையும் குறித்துக்கொள்ளவேண்டும்.

மீனவர், கூலித்தொழிலாளர் ஆகியோருக்கு மாதச் சம்பளச் சீட்டு இல்லை. இதனால் அவர்தம் வருமான இழப்பு நிறுவப்படாது போவதுண்டு. மீனவர் கூட்டுறவுச் சங்கக் கணக்கு, மீன் முதலாளியின் துண்டு, வங்கிப் புத்தகம் என்பன இக்குறையை நிரப்பும். விபத்துக்கு முந்திய ஆண்டின் பதிவுகளைத் தேடி வைத்தல் நன்று.

சமரசம் பற்றி ஓர் எச்சரிக்கை

சாரதி அறியப்பட்ட பின் அவன் சார்பில் சிலர் வீட்டுக்கு வந்து, ஆசுபத்திரிச் செலவென ஒரு தொகையைக் கொடுத்துக் கடிதமொன்றில் ஒப்பம் கேட்பது நம்மூர் வழக்கம். ஊர்ப் பெரியவரும் உறவினரும் இதற்குத் துணைநிற்பர். சமரசம் தவறன்று. ஆயின் “இனி எவ்வித உரிமையும் கோரமாட்டேன்” என்னும் வாசகம் அதிலிருப்பின், பின்னர் வெட்டப்படவிருக்கும் காலுக்கும் அன்றே விலை பேசப்பட்டுவிடும். காயத்தின் இறுதி நிலையை மருத்துவர் கூறுமுன் இத்தகைய கடிதத்தில் ஒப்பமிடலாகாது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியற்றோர், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, தப்பியோடிய சாரதி தன்னோடு பாதசாரியின் உரிமையையும் எடுத்துச் சென்றுவிடுவதில்லை என்பது தெளிவாகும். வாகனம் தெரிந்தால் காப்புறுதியும், தெரியாவிட்டால் நிதியமும், சாரதி பிடிபட்டால் இரு நீதிமன்றங்களும் உள்ளன. இவ்வுரிமையைப் பெரும்பாலும் அழிப்பவை பதியப்படாத முறைப்பாடு, கழிந்துபோன 2 ஆண்டு, அவசரத்தில் இட்ட ஒப்பம் ஆகிய மூன்றுமே. இவை மூன்றும் சாரதியின் கையிலல்ல, நம் கையிலேயே உள்ளன. சட்டம் பயின்றோர் இச்செய்தியைப் பேசாலைக் கடற்கரைக்கும் முசலிக் கிராமங்களுக்கும் கொண்டுசெல்வது தம் கல்விக்கு ஆற்றும் கடனாகும்.