குடல்–கல்லீரல் அச்சு

குடல்–கல்லீரல் அச்சு என்பது குடலுக்கும் கல்லீரலுக்கும் இடையே இரத்தம், பித்தநீர் ஆகியவற்றின் வழியாக நடைபெறும் இருவழித் தொடர்பாகும். குடலில் வாழும் பாக்டீரியாக்களும் குடற்சுவரைக் காக்கும் நோயெதிர்ப்புச் செல்களும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. கல்லீரல் நோயாளிக்கு மருத்துவர் ஏன் பேதி மருந்து தருகிறார் என்ற கேள்விக்கும் இதில்தான் விடை உள்ளது.

இயல்பான நிலை

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ 75 விழுக்காடு குடல், மண்ணீரல் முதலியவற்றிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. அதில் உணவுச் சத்துக்களோடு பாக்டீரியாக்களின் சிதைவுப் பொருள்களும் சிறிதளவு கலந்திருக்கும். கல்லீரலில் உள்ள குப்ஃபர் செல்கள் இவற்றை விழுங்கி அழிக்கின்றன. கார்ல் வில்ஹெல்ம் வான் குப்ஃபர் என்னும் ஜெர்மன் உடற்கூறியலாளர் 1876இல் இவற்றை விவரித்தார்.

குடலின் உட்சுவர் ஒற்றை வரிசைச் செல்களால் ஆனது. அதன்மேல் சளிப்படலம் உள்ளது. அங்குள்ள நோயெதிர்ப்புச் செல்கள் இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் எதிர்ப்பொருளைச் சுரந்து, பாக்டீரியாக்கள் சுவரில் ஒட்டாமல் தடுக்கின்றன. கல்லீரலிலிருந்து வரும் பித்த அமிலங்களும் பாக்டீரியாக்கள் அளவுமீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்கின்றன.

நோயின்போது நிகழ்வது

மது, ஹெபடைடிஸ் பி, சி வைரசுகள், கொழுப்புக் கல்லீரல் ஆகியவற்றால் கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவதைச் சிரோசிஸ் என்பர். அப்போது குடலுக்கு வரும் பித்த அமிலம் குறைகிறது. குடலின் அசைவும் மந்தமாகிறது. தீங்கு செய்யும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. 2014இல் நேச்சர் இதழில் வெளிவந்த சீன ஆய்வு, சிரோசிஸ் நோயாளிகள் 98 பேரையும் நலமானவர்கள் 83 பேரையும் ஒப்பிட்டது. வாயில் வாழும் பாக்டீரியா இனங்கள் பல நோயாளிகளின் குடலில் குடியேறியிருந்ததை அது காட்டியது.

குடற்செல்களுக்கிடையே உள்ள பிணைப்பும் தளர்கிறது. பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள்கள் கல்லீரலை அடைந்து குப்ஃபர் செல்களைத் தூண்ட, அழற்சி கூடித் தழும்பு வளர்கிறது. கல்லீரல் மேலும் கெட, குடலும் மேலும் கெடுகிறது. இது ஒரு நச்சுச் சுழல்.

இரண்டு ஆபத்துகள்

முதலாவது, குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் அகற்ற முடியாமல் அது மூளையைத் தாக்குவது. பகலில் உறக்கம், இரவில் விழிப்பு, கை நடுக்கம், உளறல் ஆகியவை அறிகுறிகள். இதைக் குடிபோதை என்று எண்ணி வீட்டார் வாளாவிருப்பதுண்டு. இரண்டாவது, வயிற்றில் கோத்த நீரில் பாக்டீரியா தொற்றுவது. காய்ச்சல், வயிற்றுவலி தோன்றலாம். சிலருக்குக் குழப்பம் மட்டுமே தோன்றும். இரண்டுமே உடனடி மருத்துவம் வேண்டுபவை.

சிகிச்சை

லாக்டுலோஸ் என்னும் இனிப்பு மருந்து சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலச் சூழலில் அம்மோனியா இரத்தத்தில் சேராமல் மலத்தோடு வெளியேறுகிறது. நாளுக்கு 2 அல்லது 3 முறை இளக்கமாக மலம் கழிவதே இலக்கு. “வயிறு போகிறது” என்று தாமாகவே மருந்தை நிறுத்தினால் மூளைப் பாதிப்பு திரும்பக்கூடும். அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவரே. இப்பாதிப்பு மீண்டும் வராமல் தடுக்க ரிஃபாக்சிமின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் தரப்படுகிறது.

நலமானவரின் மலத்திலுள்ள நுண்ணுயிரிகளை நோயாளியின் குடலுக்கு மாற்றும் முறையும் ஆராயப்படுகிறது. புதுதில்லி கல்லீரல், பித்த அறிவியல் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மதுவால் கடும் கல்லீரல் அழற்சியுற்ற 8 பேருக்கு இது செய்யப்பட்டது. ஓராண்டுக்குப் பின் 7 பேர் உயிருடன் இருந்தனர். ஆய்வு மிகச் சிறியது என்பதால் இதை உறுதியான தீர்வாகக் கொள்ள முடியாது.

உணவும் கவனமும்

பெரம்பலூர் மாவட்டத்தில் பெருமளவில் விளையும் சின்ன வெங்காயத்தில் ஃபிரக்டான் என்னும் நார்ச்சத்து உள்ளது. நன்மை செய்யும் குடல் பாக்டீரியாக்களுக்கு அது உணவாகும். ஆனால் கல்லீரல் நோய்க்கு அது மருந்தன்று. மதுவை அறவே விடுவதே முதல் மருந்து. பருப்பு, பால் போன்ற புரத உணவை அஞ்சி ஒதுக்கினால் தசை கரையும்.

பெரம்பலூரில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையும், அரியலூரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. கல்லீரல் நோயாளியின் பேச்சோ உறக்கமோ திடீரென மாறினால், விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும்.