பீவி 5150 கிட்டார் பெருக்கியும் அதன் பதிப்புகளும்

பீவி 5150 என்பது மின்கிட்டாருக்கான வெற்றிடக் குழல் பெருக்கி ஆகும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள மெரிடியன் நகரைச் சேர்ந்த பீவி எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இதை 1992இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. வான் ஹேலன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனும் பீவியின் பொறியாளர் ஜேம்ஸ் பிரவுனும் சேர்ந்து இதை உருவாக்கினர். (புகழ்பெற்ற பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வேறு ஒருவர்.) ராக் இசைக் கலைஞருக்காகப் பிறந்த இப்பெருக்கி, பின்னர் மெட்டல் இசைக்குழுக்களின் ஒலிப்பதிவுக் கூடங்களில் நிலையான இடம் பிடித்தது.

இதே பெருக்கி 5150, 5150 II, 6505, 6505+ எனப் பல பெயர்களில் விற்கப்பட்டுள்ளது. ஈவிஎச் 5150 III என்ற வேறொன்றும் உண்டு. எண்ணைப் பார்த்து எது எதன் புதிய வடிவம் என்று ஊகிக்க இயலாது. பழைய பெருக்கி வாங்குவோர் பலர் இக்குழப்பத்தால் ஒரே மின்சுற்றுக்கு இருவேறு விலை கொடுக்கின்றனர்.

பெயரின் கதை

கலிபோர்னியா மாநிலச் சட்டத்தொகுப்பு ஒன்றின் 5150ஆம் பிரிவு, மனநலக் குறைவால் தமக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடும் எனக் கருதப்படுபவரை, அவரது சம்மதம் இன்றி 72 மணி நேரம் வரை மருத்துவக் கண்காணிப்பில் வைக்க இடமளிக்கிறது. எடி வான் ஹேலன் தம் வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இந்த எண்ணையே பெயராக வைத்தார். 1986இல் வெளிவந்த அவரது குழுவின் இசைத்தொகுப்புக்கும் அதே பெயர். பெருக்கிக்கும் அது தொடர்ந்தது.

1999இல் 5150 II வந்தது. 2004இல் எடி வான் ஹேலன் பீவியை விட்டு விலகினார். பெயர் அவருடன் போய்விட்டது. பெருக்கியின் வடிவமைப்பு பீவியிடமே இருந்தது. ஆகவே நிறுவனம் 5150ஐ 6505 என்றும், 5150 IIஐ 6505+ என்றும் பெயர் மாற்றித் தொடர்ந்து விற்றது. பீவி தொடங்கப்பட்ட 1965ஆம் ஆண்டையும் அதன் நாற்பதாம் ஆண்டான 2005ஐயும் இணைத்தால் 6505 வரும். பெயர்ப்பலகை மாறியது, உள்ளே இருந்த சுற்று ஏறத்தாழ அப்படியே இருந்தது. எனவே உண்மையான பிரிவு 5150க்கும் 6505க்கும் இடையில் இல்லை. 5150, 6505 ஆகியவை ஒரு வகை. 5150 II, 6505+ ஆகியவை மற்றொரு வகை.

செயல்படும் விதம்

கிட்டார் கம்பியின் அதிர்வை அதன் கீழுள்ள காந்தச் சுருள் மிகச் சிறிய மின்னழுத்தமாக மாற்றுகிறது. அதை முதலில் பெருக்குவது முன்பெருக்கி. 5150இன் முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7 வகைக் குழல்கள் ஐந்து உள்ளன. பழைய வானொலிப் பெட்டிகளில் வால்வு என்று சொல்வார்களே, அதே இனம்தான். ஒவ்வொரு குழலுக்குள்ளும் இரண்டு தனித்தனிப் பெருக்கிகள் உண்டு. ஒரு நிலை நடைமுறையில் ஐம்பது மடங்கு போலப் பெருக்கும். அப்படிப் பல நிலைகளை வரிசையாக அடுக்கினால், குழல் தாங்கும் எல்லையை மின்னலை மீறுகிறது. அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்படுகின்றன. கிட்டார்க்காரர்கள் டிஸ்டார்ஷன் என்று விரும்பும் கரகரப்பு இந்த வெட்டிலிருந்துதான் பிறக்கிறது. அலையை இவ்வாறு பல கட்டங்களில் அதிகமாகப் பெருக்கி வெட்டும் பெருக்கிகளை ஹை கெயின் வகை என்பர்.

ஐந்து குழல்களும் கரகரப்பை உண்டாக்குவதில்லை. அவற்றில் ஒன்று, அலையை எதிரெதிரான இரண்டாகப் பிரித்து இறுதிக் கட்டத்துக்கு அனுப்பும் வேலையைச் செய்கிறது. இறுதிக் கட்டத்தில் நான்கு 6எல்6ஜிசி குழல்கள் 120 வாட் வரை திறன் தருகின்றன. கரகரப்பு பெரும்பாலும் முன்பகுதியிலேயே உருவாகிவிடுவதால், ஒலியளவைக் குறைத்து வைத்தாலும் ஒலியின் தன்மை ஓரளவு அப்படியே நிற்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இசையைப் பெருக்கும் அதே சுற்று இரைச்சலையும் அதே அளவு பெருக்குகிறது. லீட் சேனலில் கெயின் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினால் வாசிக்காத வேளையில் இரைச்சல் நன்றாகக் கேட்கும். எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான குணம் இது. பழுது என்று கருதிப் பழுதுபார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. இரைச்சலைத் தடுக்கும் நாய்ஸ் கேட் கருவியைப் பலர் பயன்படுத்துகின்றனர். ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமர் போன்ற பெடல் ஒன்றை, அதன் டிரைவ் குமிழைக் குறைத்தும் வெளியீட்டைக் கூட்டியும் பெருக்கிக்கு முன்னால் வைப்பதும் வழக்கம். அது கீழ்ச்சுரங்களின் குழைவைக் குறைத்துத் தாக்கத்தைக் கூர்மையாக்குகிறது.

இரு வகைகளுக்கும் உள்ள வேறுபாடு

5150, 6505 இரண்டிலும் ரிதம், லீட் என இரு சேனல்கள் உண்டு. ஆனால் பேஸ், மிடில், டிரெபிள் குமிழ்கள் இரண்டுக்கும் பொது. பிரசன்ஸ், ரெசனன்ஸ் குமிழ்களும் பொதுவே. ஒரு பாடல் மென்மையான தனிச்சுரங்களில் தொடங்கி நடுவில் கடுமையான பகுதிக்குத் தாவுகிறது என்று வைத்துக்கொள்வோம். மென்மையான பகுதிக்குப் பேஸ் கூடுதலாக வேண்டும்; கடுமையான பகுதியில் அதே பேஸ் ஒலியைச் சேறாக்கிவிடும். வாசிப்பவர் மேடையில் ஒவ்வொரு முறையும் குனிந்து குமிழைத் திருப்ப முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவை வைத்துச் சமாளிக்கிறார். இரண்டுமே முழுமையாக அமைவதில்லை.

5150 II, 6505+ ஆகியவற்றில் இக்குமிழ்கள் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியே அமைந்துள்ளன. முன்பகுதிக் குழல்களும் ஐந்திலிருந்து ஆறாகக் கூடின. ரிதம் சேனலில் கரகரப்பற்ற தெளிந்த ஒலியை முன்னதைவிட எளிதாகப் பெறலாம். முதல் வகையின் ரிதம் சேனல் பெயரளவில்தான் சாந்தமானது. கெயினைச் சற்றுக் கூட்டினாலே உறுமத் தொடங்கும். அதிலுள்ள கிரஞ்ச் பொத்தானை அழுத்தினால் அதுவே இன்னொரு கடுமையான சேனல்போல் ஆகிவிடுகிறது. அதை விரும்பியே பழைய வகையை நாடுவோரும் உண்டு.

லீட் சேனலைப் பொறுத்தவரை முதல் வகை முரட்டுத்தனமானது, இரண்டாம் வகை சற்றுக் கட்டுப்பாடானது என்பது வாசிப்போரிடையே பரவலான கருத்து. வேறுபாடு இருக்கலாம், ஆயினும் ஒலிபெருக்கிப் பெட்டியை மாற்றும்போது கேட்கும் வேறுபாட்டுடன் ஒப்பிட்டால் அது சிறியது. பீவியின் ஷெஃபீல்டு ஒலிபெருக்கிக்கும் செலஸ்டியன் விண்டேஜ் 30க்கும் உள்ள இடைவெளி யார் காதுக்கும் எட்டும்.

ஆகவே கடுமையான ஒலி ஒன்றே போதும் என்பவருக்கு முதல் வகை போதுமானது. ஒரே மேடையில் தெளிந்த ஒலியும் கடுமையான ஒலியும் வேண்டுபவருக்கு இரண்டாம் வகையே பொருந்தும்.

அச்செழுத்துப் பதிப்பின் மதிப்பு

தொடக்ககால 5150 பெருக்கிகளில் பெயர் தடித்த அச்செழுத்தில் இருக்கும்; பின்னர் வந்தவற்றில் கையெழுத்துப் பாணிக்கு மாறியது. அச்செழுத்துப் பதிப்பின் ஒலி தனியானது என்று நம்பிப் பலர் கூடுதல் விலை கொடுக்கின்றனர். அவற்றில் முதலில் பொருத்தப்பட்டிருந்த அமெரிக்கத் தயாரிப்பான சில்வேனியா குழல்களே இந்தப் புகழுக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. குழல்கள் தேய்ந்து மாற்றப்படும் பொருள்கள். முப்பது ஆண்டு பழைய பெருக்கி ஒன்றில் அவை எப்போதோ மாற்றப்பட்டிருக்கும். மாற்றிய பிறகு அதற்கும் நல்ல நிலையிலுள்ள 6505க்கும் ஒலியில் பெரிய வேறுபாடு எதிர்பார்க்க இயலாது. சேகரிப்பாளருக்கு அச்செழுத்து மதிப்புள்ளது. வாசிப்பவர் அந்தப் பணத்தை மின்தேக்கிகளைப் புதுப்பிக்கச் செலவிடலாம். பழைய மின்பகு தேக்கிகள் காலப்போக்கில் திறன் இழந்து, பெருக்கியில் ரீங்காரத்தை உண்டாக்கும்.

அசல் 5150இல் இறுதிக் குழல்களின் ஓய்வு மின்னோட்டத்தை, அதாவது பயாஸை, மாற்றும் குமிழ் இல்லை. தொழிற்சாலையில் அதைக் குறைவாகவே நிலைப்படுத்தியிருந்தனர். குழல்கள் நீண்ட நாள் உழைக்க அது உதவுகிறது; ஒலி சற்றே வறண்டிருக்கிறது என்போர் தொழில்நுட்பரிடம் கொடுத்துச் சரிசெய்யும் குமிழ் ஒன்றைப் பொருத்திக்கொள்கின்றனர். பழையது வாங்கும்போது இம்மாற்றம் செய்யப்பட்டுள்ளதா, செய்தவர் யார் என்று கேட்டறிவது நல்லது.

5150 III

எடி வான் ஹேலன் பின்னர் ஃபெண்டர் நிறுவனத்துடன் சேர்ந்து ஈவிஎச் என்னும் வணிகப் பெயரைத் தொடங்கினார். அதன்கீழ் 2007இல் 5150 III வந்தது. இது பீவி தயாரிப்பு அன்று. மூன்று சேனல்கள் கொண்ட வேறு வடிவமைப்பு. 100 வாட் வடிவத்தில் ஒவ்வொரு சேனலுக்கும் தனிக் குமிழ்கள் உண்டு. பின்னர் வந்த 50 வாட் வடிவத்தில் முதல் இரு சேனல்கள் ஒலித்திருத்தக் குமிழ்களைப் பகிர்ந்துகொள்கின்றன. பழைய 5150இன் அதே இடர்ப்பாடு அங்கே மீண்டும் தலைகாட்டுகிறது.

திறனும் மின்சாரமும்

வாட் அளவைப் பார்த்து ஒலியளவைக் கணிப்பது பொதுவான தவறு. 120 வாட்டைப் பாதியாக்கி 60 வாட் ஆக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே குறையும். காதுக்குப் பாதியாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் குறைய வேண்டும். அதற்கு 12 வாட் அளவுக்கு இறங்க வேண்டும். ஆகவே 60 வாட் 6505+ காம்போ, அதாவது பெருக்கியும் ஒலிபெருக்கியும் ஒரே பெட்டியில் அமைந்த வடிவம், வீட்டுக்கு ஏற்றது என்பது சரியன்று. வீட்டில் வாசிப்போருக்காக 20 வாட் 6505 எம்எச் வந்தது. அதன் திறனை 5 அல்லது 1 வாட்டாகக் குறைக்கலாம். அதில் 6எல்6க்குப் பதில் இஎல்84 குழல்கள் இருப்பதால் பெரிய பெருக்கியின் அதே ஒலி வராது.

எந்தப் பதிப்பானாலும் ஒலிபெருக்கியை இணைக்காமல் இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோகலாம். பின்புறத்திலுள்ள 4, 8, 16 ஓம் தெரிவு, இணைத்த பெட்டியின் ஓம் அளவுக்குப் பொருந்த வேண்டும். உள்ளே சில நூறு வோல்ட் மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். பழகாதவர் பெட்டியைத் திறப்பது உயிருக்கு ஆபத்தானது.

அமெரிக்காவில் விற்ற பெருக்கிகள் 120 வோல்ட்டுக்கு அமைந்தவை. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதால், உறவினர் மூலமாக அங்கிருந்து வருவிப்போர் 500 வாட்டுக்குக் குறையாத ஸ்டெப் டவுன் மின்மாற்றியையும் விலைக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெருக்கியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் படித்த பிறகே செருகியை மாட்ட வேண்டும்.