தொன்மைக் கைத்துப்பாக்கியின் விலைமதிப்பீட்டில் சான்றுகளின் இடம்: கோல்ட் 1873 ரிவால்வரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொன்மைக் கைத்துப்பாக்கி ஒன்றை விற்பதற்கு முன் அதன் மதிப்பை எவ்வாறு கணிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் 1873இல் அறிமுகப்படுத்திய ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ ரிவால்வர் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. பொருளின் வயதோ அழகோ அன்றி, அதைப் பற்றி மெய்ப்பிக்கத்தக்க செய்திகளே விலையைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தொல்பொருள் மதிப்பீடு, உடைமை வரலாறு, அசல்தன்மை, வரிசை எண், ஏல விலை.

முன்னுரை

பழமையான பொருள் எதுவும் பெருவிலை பெறும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்ட இரு துப்பாக்கிகளின் விலை பன்மடங்கு வேறுபடுவதைச் சந்தையில் காணலாம். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறியாத உரிமையாளர் குறைந்த விலைக்கு விற்றுவிடக்கூடும். அல்லது பொருளைப் ‘புதுப்பித்து’ அதன் மதிப்பைத் தாமே அழித்துவிடக்கூடும்.

அடையாளம் காணல்

மதிப்பீட்டின் முதற்படி, பொருள் இன்னதென உறுதிசெய்வதாகும். இவ்வகை ரிவால்வரில் வரிசை எண் உடற்சட்டம், விசைக் காப்பு, கைப்பிடியின் பின்பட்டை ஆகிய மூன்றிடங்களில் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணைக் கொண்டு செய்யப்பட்ட ஆண்டை அறியலாம். 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றை அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தொன்மைப் பொருளாகக் கருதுவதால், ஆண்டு விற்பனைமுறையையும் பாதிக்கிறது.

மூன்று எண்களும் ஒத்திருத்தல் அசல்தன்மையின் அடையாளம். எனினும் இவ்விதிக்கு விலக்குண்டு. 1890களில் தொடங்கி, குதிரைப்படைக்கு வழங்கப்பெற்ற ஏழரை அங்குலக் குழல்கள் ஐந்தரை அங்குலமாகக் குறைக்கப்பட்டன. அப்போது எண்களைப் பொருட்படுத்தாமல் உறுப்புகள் மாற்றிப் பொருத்தப்பட்டன. ‘ஆர்ட்டிலரி’ எனப்படும் அவ்வகையில் எண் முரணே வரலாற்று உண்மையாகும். அதனைக் குறையெனக் கருதி எண்களை ஒத்திசைவிக்க முயல்வது சான்றை அழிப்பதாக முடியும்.

நிலையும் அசல்தன்மையும்

அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கம் தொன்மைத் துப்பாக்கிகளுக்கென வகுத்த தரநிலைகளில், எல்லா உறுப்புகளும் அசலாக அமைந்து, தொடக்ககால மேற்பூச்சு 80 விழுக்காட்டிற்கு மேல் எஞ்சியிருப்பது ‘மிகச் சிறந்தது’ எனவும், 30 விழுக்காட்டிற்கு மேல் எஞ்சியிருப்பது ‘சிறந்தது’ எனவும் வகைப்படுத்தப்படுகின்றன. ஈண்டு அளக்கப்படுவது பளபளப்பன்று. எஞ்சியுள்ள அசல் பூச்சாகும். எனவே துருவைத் தேய்த்து மெருகேற்றுதல், புதிதாக நீலப்பூச்சு இடுதல் ஆகியன பெரும்பாலும் மதிப்பைக் குறைக்கின்றன. தேய்ந்த ஓலைச்சுவடியின் எழுத்துகள்மீது புதிதாகக் கீறினால் மூலபாடம் மறைந்துபோவதற்கு இது நிகரானது.

உடைமை வரலாறு

கோல்ட் நிறுவன ஆவணப் பிரிவு வழங்கும் கடிதத்தின்வழி, குறிப்பிட்ட எண்ணுடைய துப்பாக்கி எந்நாளில், எத்தகைய குழல் நீளத்துடனும் மேற்பூச்சுடனும், எங்கு அனுப்பப்பட்டது என்பதை அறியலாம். ஆனால் பின்னர் அதனை யார் பயன்படுத்தினார் என்பதை அக்கடிதம் மெய்ப்பிக்காது. அதற்குத் தனிச் சான்று தேவை.

1881ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று நியூ மெக்சிகோவில் ஷெரிஃப் பேட் கேரட், ‘பில்லி த கிட்’ என்பவரைச் சுட்டுக்கொன்ற கோல்ட் ரிவால்வர் இதற்குத் தக்க சான்று. கேரட்டின் மறைவுக்குப் பின், எல் பாசோ நகர மதுக்கூட உரிமையாளர் ஒருவரின் சொத்தில் அது இருந்தது. கேரட்டின் மனைவி வழக்குத் தொடுத்து அதனை மீட்டார். குடும்பத்திற்குத் துயரமாயிருந்த அவ்வழக்கே பிற்காலத்தில் உடைமைத் தொடர்ச்சிக்கு வலுவான ஆவணமாயிற்று. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் போன்ஹாம்ஸ் ஏலத்தில் அது 60,30,313 டாலருக்கு விற்கப்பட்டது. அத்தகைய வரலாறற்ற அதேவகை ரிவால்வர்கள் இதன் சிறு பகுதி விலையையே பெறுகின்றன.

விலைகளை ஒப்பிடல்

மேற்கண்ட தொகை விற்றவர் பெற்ற தொகையன்று. சுத்தியல் விலை 50 இலட்சம் டாலர். எஞ்சியது வாங்குவோர் ஏல நிறுவனத்திற்குச் செலுத்தும் கட்டணம். விற்பவரிடமும் தரகு பெறப்படுவதுண்டு. ஆகவே ஒப்பீட்டிற்குக் கொள்ளும் விலை எத்தகையது என்பதைத் தெளிதல் வேண்டும். விற்பவர் கேட்கும் விலை, முடிவான விலை, காப்பீட்டிற்கான மாற்று விலை ஆகியன வெவ்வேறானவை; முடிவான விலைகளே ஒப்பீட்டிற்குரியன. ஏலத்திற்கு முன் இதே துப்பாக்கிக்கு 20 முதல் 30 இலட்சம் டாலர் வரையே மதிப்பிடப்பட்டிருந்தது. ஒப்பிடுதற்கு நிகரில்லாத பொருளில் வல்லுநர் கணிப்பும் எல்லைக்குட்பட்டதே என்பது இதனால் புலனாகிறது. மேலும், மதிப்பிடுபவரே வாங்குபவராகவும் இருப்பின் அம்மதிப்பீட்டை ஏற்றல் தகாது.

முடிவுரை

விற்க விழைவோர் முதலில் செய்யத்தக்கது, பொருளை மாற்றாது காத்தலாகும். அடுத்து, எண்களையும் முத்திரைகளையும் படமெடுத்துப் பதிவுசெய்தல், பழைய கடிதங்கள், விற்பனைச் சீட்டுகள், உறைகள் ஆகியவற்றைத் துப்பாக்கியுடனேயே பேணுதல், சார்பற்ற வல்லுநரின் எழுத்துவழி மதிப்பீட்டைப் பெறுதல் ஆகியன அமையும். குடும்பத்தில் வாய்மொழியாக வழங்கும் கதை ஆய்வுக்குத் தொடக்கமாகலாம். ஆவணம் துணைநிற்கும்போதே அது விலையாக மாறுகிறது.