கள்ளிச்செடி: மூப்பா, அழுகலா?

பூச்சாடியில் நெடுநாள் வளர்ந்த சப்பாத்திக்கள்ளியின் அடித்தண்டு பழுப்பேறினால், வாட்டமென்று எண்ணி நீரைக் கூட்டுவோர் பலர். மழை மிகுந்த லிங்கியில், எங்கள் பள்ளிக் கள்ளியொன்றை நானும் அவ்வாறே இழந்தேன்.

முதலில் மழுங்கிய குச்சியால் தண்டை அழுத்திப் பார்க்க வேண்டும். மரப்பட்டைபோல் உலர்ந்து கெட்டியாயிருந்தால் அது மூப்பு, மருந்து வேண்டா. மெத்தென்று அமுங்கிக் கருத்திருந்தால் அழுகல். அழுகலுக்கு மேலே, சதை கறையின்றித் தெரியுமிடத்தில், தூய கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். மேல்துண்டைப் பத்து நாள் நிழலில் உலர்த்தி, மணல் மிகுந்த மண்ணில் நடலாம். வேர்விடும்வரை நீர் மிகக் குறைவாகவே விடுக.

வெண்பஞ்சுபோல் ஒட்டியிருப்பதை நசுக்கிச் செந்நிறம் கண்டால், அது கொச்சினீல் பூச்சி. 1926இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அவ்வினம், தரிசுகளில் மண்டிய சப்பாத்திக்கள்ளியையே அழித்தது. சாடிச் செடியிலோ, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் சிலமுறை துடைத்து நீக்கலாம்.

நீரூற்றும் மாணவருக்கு இக்குச்சிச் சோதனையை முதலில் கற்பிப்போமாக.